மாசி வீதியில் சித்திரைத் தேர்

கே: மதுரையில் எங்களுக்கு ஒரே ஒரு பகல்தான். எங்கே தொடங்கட்டும்? (வாசகி, ஓசூர்)

ப: மீனாட்சி கோயிலில், அதுவும் காலையிலேயே. மத்தியானம் நடை சாத்திவிட்டால் மறுபடி சாயங்காலம்தான் திறப்பார்கள். அந்த இடைவெளியில் நாயக்கர் மகாலைப் பார்த்துவிடலாம். நடக்கிற தூரம்தான்.

கே: கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகலாமா?

ப: கூடாது. வாசலில் கொடுத்துவிட்டுப் போங்கள். கைக்கு வேலை இல்லாவிட்டால் கண்ணுக்கு முழு வேலை கிடைக்கும்.

கே: ஆயிரங்கால் மண்டபத்தில் ஆயிரம் தூண் இல்லையாமே? (வாசகர், கடலூர்)

ப: 985. எண்ணிக்கொண்டிருக்காமல் எங்கே வேண்டுமானாலும் நின்று பாருங்கள். அத்தனையும் கோடு போட்டாற்போல் வரிசை பிடித்து நிற்கும். கட்டியவர் அரியநாத முதலியார், 1569-இல். முகப்பில் குதிரைமேல் இருப்பவர் அவரேதான்.

கே: சித்திரைத் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது? (வாசகர், திருவாரூர்)

ப: ஊரின் கதையே இதில்தான் இருக்கிறது. கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று அடுக்கடுக்காக வீதிகள். ஆடி வீதி மதிலுக்கு உள்ளேயே. அந்தந்த மாதத் திருவிழாவுக்கு அந்தந்த வீதி. மீனாட்சி கல்யாணமும் தேரும் முன்பு மாசியில் நடந்தன. 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் அதை அழகர் திருவிழாவோடு சித்திரையில் சேர்த்துவைத்தார். சிவனைக் கும்பிட வந்தவரும் பெருமாளைக் கும்பிட வந்தவரும் ஒரே கூட்டமானார்கள். ஒரு ராஜா செய்ததில் இதைவிடப் பெரிய காரியம் எனக்குத் தெரியவில்லை. மாதம் மாறியும் தேர் பழைய தடத்தை விடவில்லை. பார்க்க ஆசையா? விடியுமுன்னே கீழ மாசி வீதித் தேரடிக்குப் போய்விடுங்கள்.

கே: நாயக்கர் மகால் இவ்வளவுதானா?

ப: இருந்ததில் கால்வாசிதான் இது. திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்குப் பெயர்த்துக்கொண்டு போனது போக மிச்சம். கவர்னர் நேப்பியர் பழுதுபார்த்திராவிட்டால் அதுவும் இருந்திருக்காது. விளக்குத்தூண் அருகே பத்துத்தூண் சந்துக்கும் போங்கள். ஜவுளிக் கடைகளுக்கு நடுவே, கூரை இல்லாமல், பத்துக் கருங்கல் தூண்கள். துணி மூட்டைகள் அவற்றை உரசிக்கொண்டு போகும். அரண்மனையைச் சேர்ந்தவை என்பது ஊர்ப்பேச்சு. மகால் எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்பது அங்கே நின்றால்தான் புத்தியில் ஏறும்.

கே: மாரட் வீதி என்ன பெயர்? (வாசகி, சேலம்)

ப: கோட்டையை இடித்த பெயர்! 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதிலைத் தகர்த்து அகழியைத் தூர்த்தார். அந்த வேலையில் நின்ற சர்வேயர் மாரட்டுக்கும் பெருமாள் மேஸ்திரிக்கும் ஆளுக்கொரு வீதி. கலெக்டருக்கு விளக்குத்தூண். தப்பிய கோட்டைத் துண்டு ஒன்று பெரியார் பேருந்து நிலையம் பக்கம் நிற்கிறது.

கே: காந்தி அருங்காட்சியகத்துக்கு அவசியம் போகவேண்டுமா?

ப: அவசியம். ஆனால் முதலில் மேல மாசி வீதி. அங்கே ஒரு வீட்டு மாடியில் தங்கியிருந்தபோதுதான், 1921 செப்டம்பர் 22 அன்று, காந்தி அரை வேட்டிக்கு மாறினார். கீழே இப்போது கதர்க் கடை. அப்புறம் தமுக்கம் பக்கம், ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில் இருக்கும் அருங்காட்சியகம். 1948 ஜனவரி 30-இல் அவர் உடுத்தியிருந்த ரத்தக்கறைத் துணி அங்கே இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில், இதே வரிசையில் பாருங்கள்.

கே: நடந்து நடந்து நாக்கு வறண்டால்?

ப: விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், கடற்பாசி, நன்னாரி, மேலே ஐஸ்கிரீம். ஒரு கிளாஸை இரண்டு பேர் பங்கு போடாதீர்கள், சண்டை வரும்.