6,300 ரூபாய்க்குக் கோலாலம்பூர்

(இடம்: லிங்கராஜபுரம், ஹென்னூர் மெயின் ரோடு பக்கம் ஒரு டீக்கடை. ஞாயிறு சாயந்திரம். மாமா ஐ.டி.ஐ. கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் சின்ன நோட்டு வைத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. மாப்பிள்ளை அவருடைய அக்கா மகன். மான்யதா டெக் பார்க்கில் வேலை.)

மாப்பிள்ளை: மாமா, பெங்களூரு டு கோலாலம்பூர், 6,300 ரூபா! இன்னைக்கு ராத்திரி 12 மணி வரைக்கும்தான் ஆஃபர். நீங்களும் நானும்.

மாமா: தலைக்கா, காலுக்கா?

மாப்பிள்ளை: முழு ஆளுக்குத்தான் மாமா. வெள்ளி ராத்திரி ஏறுறோம், திங்கள் ராத்திரி திரும்புறோம். அத்தையையும் கேட்டேன். செவ்வாய்க்கிழமை தண்ணி டேங்கர் வருதாம், வீட்டுல ஆள் வேணும்னுட்டாங்க.

மாமா: திரும்பி வர்றதும் இந்த 6,300லயே அடங்குதா?

மாப்பிள்ளை: அது தனி டிக்கெட். 7,100.

மாமா: (நோட்டைத் திறக்கிறார்) ம்... சொல்லு.

மாப்பிள்ளை: சீட்டு வேணும்னா அதுக்கு மட்டும் தனியா கட்டணும்.

மாமா: வேணும்னாவா? நின்னுகிட்டு வர இது என்ன பி.எம்.டி.சி. பஸ்ஸா?

மாப்பிள்ளை: இல்ல மாமா, சீட்டு குடுத்துடுவாங்க. எங்கங்கிறது அவங்க இஷ்டம். ஜன்னலோரம் வேணும்னா காசு. கையில 7 கிலோ வரைக்கும் சும்மா. அதுக்கு மேல பெட்டி போட்டா காசு. சாப்பாடு காசு. கார்டுல கட்டுனா அதுக்கு ஒரு சின்ன ஃபீஸ்.

மாமா: காசு கட்டுறதுக்கே காசா! 35 வருஷம் அக்கவுண்ட்ஸ் பார்த்தேன், இந்தத் தலைப்பு எனக்குத் தோணாம போச்சே. சரி, அந்த 7 கிலோவுல என்ன எடுத்துட்டு வர்றே?

மாப்பிள்ளை: லேப்டாப், சார்ஜர், ட்ரைபாட், ரெண்டு டி-ஷர்ட்.

மாமா: ஊர் சுத்தப் போறவனுக்கு லேப்டாப் எதுக்கு?

மாப்பிள்ளை: திங்கள்கிழமை லீவு போடல மாமா. வீட்டுலருந்து வேலைன்னு சொல்லியிருக்கேன். வீடு எங்கன்னு அவங்க கேக்கல.

மாமா: இந்த மலிவு டிக்கெட் ஆட்டத்தை நம்ம நாட்டுல ஆரம்பிச்சு வச்சதே இந்த ஊருதான்டா. 2003ல கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கானை இங்கருந்துதான் கிளப்பினார். அப்புறம் ஒரு ரூபாய்க்கு டிக்கெட்டுன்னார். ஊரே அசந்து போச்சு.

மாப்பிள்ளை: அவர் கதையை வச்சு எடுத்த சூரரைப் போற்று படம் பார்த்திருக்கேன் மாமா. நீங்க அப்போ ஏறினீங்களா?

மாமா: இல்ல. அந்த ஒரு ரூபாயையும் மிச்சம் பிடிச்சு ரயில்லயே போனேன்.

மாப்பிள்ளை: அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே மலேசியால டோனி பெர்னாண்டஸ் ஏர் ஏஷியா கம்பெனியையே ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கினார், தெரியுமா?

மாமா: கடனோட சேர்த்து வாங்கினார். ஒரு ரிங்கிட்டை மட்டும் எல்லாரும் சொல்றீங்க, கடனை ஒருத்தனும் சொல்றதில்ல. உன் 6,300 மாதிரியே.

(டீ வருகிறது. மாமா கிளாஸைத் தொட்டுப் பார்த்து, சூடு போதாது என்று திருப்பி அனுப்புகிறார். தினமும் அனுப்புவார்.)

மாமா: பிளேன் எத்தனை மணி நேரம்?

மாப்பிள்ளை: நாலு. ராத்திரி பதினொண்ணரைக்குக் கிளம்புது. நாம சாயந்திரம் ஆறரைக்கு வீட்டை விட்டுடணும்.

மாமா: தேவனஹள்ளி ஏர்போர்ட்டுக்கு அஞ்சு மணி நேரம் முன்னாடியா?

மாப்பிள்ளை: வெள்ளிக்கிழமை ஹெப்பாள் டிராஃபிக் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? பாகலூர் ரோட்டுல புகுந்துட்டா தப்பிச்சோம். சீக்கிரம் போனாலும் நஷ்டமில்ல மாமா, 2023 செப்டம்பர்லருந்து வெளிநாட்டு பிளேன் எல்லாம் டெர்மினல் 2லதான். உள்ளேயே தோட்டம், மூங்கில் கூரை...

மாமா: அங்க ஒரு காபி என்ன விலைன்னு சொல்லு, மூங்கிலை அப்புறம் பார்ப்போம். அந்த ஊர்ல எத்தனை மணிக்கு இறக்கி விடுறான்?

மாப்பிள்ளை: நம்ம மூணரை, அவங்களுக்கு ஆறு. ரெண்டரை மணி நேரம் முன்னாடி இருக்காங்க.

மாமா: ஓட்டல்ல ரூம்?

மாப்பிள்ளை: மத்தியானம் மூணு மணிக்குத்தான் தருவாங்க.

மாமா: அதுவரைக்கும்?

மாப்பிள்ளை: நேரா பத்துமலை! 272 படி. 2018ல கலர் கலரா பெயின்ட் அடிச்சாங்களே, அதுல காலை வெயில் பட்டா வீடியோ சும்மா அள்ளும். கீழே 140 அடி முருகன்.

மாமா: தூங்காத கண்ணு, தோள்ல 7 கிலோ, முட்டி தேய்ஞ்சவன், 272 படி. காவடி எடுக்கவே வேணாம்டா, இதுவே வேண்டுதல்தான். ஏர்போர்ட்லருந்து ஊருக்குள்ள எப்படி?

மாப்பிள்ளை: எக்ஸ்பிரஸ் ரயில், அரை மணி நேரத்துல கே.எல். சென்ட்ரல். ஒரு ஆளுக்கு 55 ரிங்கிட்.

மாமா: ரிங்கிட்டு 20 ரூபான்னு வச்சாலும் 1,100. போக வர ரெண்டு பேருக்கு 4,400! ஏன், பஸ் ஓடாதா அந்த ஊர்ல?

மாப்பிள்ளை: ஓடும். அதுல மூணுல ஒரு பங்கு கூட ஆகாது. ஆனா மாமா, போய் இறங்கினதுமே கணக்குப் பார்க்க ஆரம்பிச்சா...

மாமா: நான் இறங்கின பிறகு பார்க்கல. ஏறுறதுக்கு முன்னாடியே பார்க்கிறேன்.

மாப்பிள்ளை: சரி, பஸ். ஆனா எனக்கு ஒரு கண்டிஷன். அங்க வந்து இட்லி இருக்கா, சாம்பார் இருக்கான்னு கேக்கக் கூடாது. லோக்கல் ஃபுட் மட்டும்தான். ஒரு ஊருக்குப் போனா அந்த ஊரை நாக்குல தெரிஞ்சுக்கணும்.

மாமா: நியாயம். காலையில என்ன தெரிஞ்சுக்கலாம்?

மாப்பிள்ளை: ரொட்டி சானாய். மைதாவைப் பிசைஞ்சு, எண்ணெயில ஊறப் போட்டு, உருண்டையைக் கல்லுமேல வீசி வீசி கண்ணாடி மாதிரி விரிப்பாங்க. மடிச்சு சுட்டு, பருப்புக் குழம்போட தருவாங்க.

மாமா: சுட்டதும் ரெண்டு கையால ஒரு தட்டு தட்டுவாரா?

மாப்பிள்ளை: ஆமா! நீங்களும் ரீல்ஸ் பார்த்தீங்களா?

மாமா: எதிர்க்கடையில தினம் ராத்திரி ஏழு மணிக்கு அந்தச் சத்தம் கேக்குது. குடிக்க?

மாப்பிள்ளை: தே தாரிக். டீயை ஒரு குவளையிலருந்து இன்னொரு குவளைக்கு, கை எட்டுற உயரத்துக்கு இழுத்து இழுத்து ஆத்துவாங்க. மேல நுரை நிக்கும்.

(மாமா பதில் சொல்லவில்லை. கடைக்காரர் அவருடைய டீயை இரண்டாவது முறையாக, தலைக்கு மேலிருந்து இடுப்புக்கு ஆற்றிக்கொண்டிருக்கிறார்.)

மாப்பிள்ளை: அங்க கண்டென்ஸ்டு மில்க் மாமா! டேஸ்ட்டே வேற.

மாமா: மத்தியானம்?

மாப்பிள்ளை: பிரிக்ஃபீல்ட்ஸ்ல வாழை இலைச் சாப்பாடு. சோறு, கூட்டு, அப்பளம், ரசம், மோர் மிளகாய். அது அங்க ஃபேமஸ்.

மாமா: ராத்திரி?

மாப்பிள்ளை: நாசி கண்டார். பினாங்குல தமிழ் முஸ்லிம்கள் ஆரம்பிச்சது. அந்தக் காலத்துல தோள்ல ஒரு கம்பு, ஒரு பக்கம் சோத்துப் பானை, ஒரு பக்கம் குழம்புப் பானை, அப்படியே தூக்கிட்டுப் போய் துறைமுகத்துல விப்பாங்களாம்.

மாமா: அவங்க எதுல போனாங்கன்னு தெரியுமா? எங்க பெரியப்பா போன மாதிரிதான் போயிருப்பாங்க. ராஜுலான்னு ஒரு கப்பல். மெட்ராஸ்ல கிளம்பி நாகப்பட்டினத்துல ஆள் ஏத்திகிட்டு பினாங்கு. கிட்டத்தட்ட ஒரு வாரம். பெரியப்பாவுக்கு டெக் டிக்கெட். ரூமும் கிடையாது, சீட்டும் கிடையாது. திறந்த தளத்துல அவரவர் பாயை விரிச்சு, அவரவர் மூட்டை மேல தலை வச்சுப் படுக்கணும். பட்ஜெட் பிளேனை நீங்க என்னமோ புதுசா கண்டுபிடிச்ச மாதிரி பேசுறீங்க. அந்த டெக்குல போனவங்க மூட்டையில கொண்டு போன மிளகாயும் மல்லியும்தான் நீ சொல்ற லோக்கல் ஃபுட். பெரியப்பாவுக்குத் திரும்பி வர டிக்கெட் இல்ல. வந்தது மணியார்டர்தான்.

மாப்பிள்ளை: (சற்றுப் பொறுத்து) சரி, நாசி லெமாக்? அது சுத்தமான மலாய் சாப்பாடு. தேங்காய்ப் பால்ல வேகவச்ச சோறு, பொரிச்ச நெத்திலி, வேர்க்கடலை, வெள்ளரிக்காய், முட்டை. மேல சம்பல். அது காரமும் தித்திப்பும் சேர்ந்து இருக்கும்.

மாமா: குழம்புல தித்திப்பா? 60 வருஷமா இந்த ஊர் ஓட்டல் சாம்பார்ல வெல்லத்தைப் பொறுத்துகிட்டேன். அதுக்குக் கடல் வேற தாண்டணுமா? வேற ஊர் ருசிதான் வேணும்னா கம்மனஹள்ளிக்கு ஆட்டோ பிடி. கொரியா, அரபு நாடு எல்லாம் வரிசையா கடை போட்டிருக்கான்.

மாப்பிள்ளை: கம்மனஹள்ளியிலருந்து வீடியோ போட்டா யார் மாமா லைக் போடுவா? நீங்க மட்டும் என்ன? திருப்பதிக்குப் போனப்பவே ரெண்டு டப்பா புளியோதரை கட்டினீங்க. இப்போ 7 கிலோவுல என்ன வைக்கப் போறீங்க?

மாமா: புளியோதரை ஒரு கிலோ. முறுக்கு. ஒரு பாட்டில் மாங்கா ஊறுகாய்.

மாப்பிள்ளை: ஊறுகாயைக் கையில விட மாட்டாங்க. செக்யூரிட்டில பிடுங்கிடுவாங்க.

மாமா: அப்போ பெட்டி போடு. வரும்போது கோடாலித் தைலம் ஒரு டஜன், மைலோ டின் நாலு வாங்கணும். சொந்தக்காரங்களுக்குச் சொல்லியாச்சு.

மாப்பிள்ளை: எப்போ சொன்னீங்க? இப்பதான டிக்கெட்டையே காட்டினேன்!

மாமா: காலையிலயே உங்கம்மா போன் பண்ணிட்டா. (நோட்டைத் தட்டி) டிக்கெட், பெட்டி, ஜன்னல், டாக்சி, ஓட்டல், சாப்பாடு, அப்புறம் வெளிநாட்டுக்காரனுக்கு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி. தலைக்கு 32,000 ஆச்சு. போடு டிக்கெட்டை. ஜன்னலோரம் எனக்கு.

மாப்பிள்ளை: தேங்க்ஸ் மாமா! மலேசியாவுக்குள்ள போக நிரப்ப வேண்டிய டிஜிட்டல் வருகை அட்டையையும் இப்பவே முடிச்சுடுறேன். இந்தத் தளத்துல ஆளுக்கு 3,000 ரூபாதான் கேக்குது...

மாமா: நிறுத்துடா! அது மலேசிய அரசாங்கத்தோட சொந்தத் தளத்துல இலவசம். இறங்குறதுக்கு மூணு நாளைக்குள்ளதான் நிரப்பணும். 2023 டிசம்பர்லருந்து நமக்கு விசாவும் வேணாம், 30 நாள் இருக்கலாம். பத்துமலை படியேறவும் காசில்ல. அந்த ஊர்ல நமக்குச் சும்மா கிடைக்கிறது இந்த மூணுதான். அதுல ஒண்ணுக்கும் காசு கட்டப் பார்த்தியே!