சாக்குக் கழிவு

கேள்வி: நாலு வயதுப் பிள்ளைகள் இருபது பேர். விளையாட்டுச் சாமான் வாங்கக் காசில்லை. அவர்களுக்கு என்ன செய்யக் கொடுக்கலாம்?
– பிள்ளைமடுவத்து டீச்சர், பசறை

பதில்: காசில்லாதது நல்லதாய்ப் போயிற்று டீச்சர். 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மொண்டிசோரி அம்மையாரின் முறையிலேயே தண்ணீர் ஊற்றுவதும் கூட்டித் துடைப்பதும் பாடங்கள்தான். இரண்டு டம்ளரும் கால்வாளித் தண்ணீரும் போதும். தரை நனையும், துடைப்பது அடுத்த பாடம்.

சட்டை கொழுவும் ஹேங்கரின் இரு முனையிலும் யோகட் கோப்பை கட்டினால் தராசு. முற்றத்து இலைதான் தேயிலைக் கொழுந்து. எங்கள் பக்கத்து மடுவமொன்றில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாக நடித்த பொடியன் நிறுத்து முடித்ததும், "சாக்குக்கு ரெண்டு கிலோ கழிவு" என்றான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கொழுந்து கொண்டுவந்தவள் விடவில்லை, சாக்கையே உதறிக் காட்டினாள்.

மழை நாளில் தெமோதரை ரயில் விடுங்கள். அங்கே பாதை மலையைச் சுற்றி இறங்கி, ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைகிறதே, அதேபோலத் தோளைப் பிடித்துக்கொண்டு மேசையைச் சுற்றிவந்து அதன் அடியில் நுழையட்டும். மேலே, கீழே, உள்ளே, வெளியே எல்லாம் தானாய்ப் பிடிபடும். யார் எஞ்சின் என்ற சண்டையை மட்டும் நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள்.