மணிக்கட்டு மாமா

இடது கையைத்தான் கேட்பார். பையன் மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நீட்டுவான். மாமா தன் கட்டைவிரலையும் நடுவிரலையும் வளையமாக்கி அவன் மணிக்கட்டைச் சுற்றிப் பிடிப்பார். இரண்டு விரலும் தாராளமாக முட்டிக்கொண்டால் உதடு பிதுங்கும். முட்டாமல் நடுவே கொஞ்சம் இடைவெளி விழுந்தால் புருவம் ஏறும். பிடியை விடாமலே தலையைத் திருப்பி, "அப்பா யாருப்பா?" என்பார். வேலியோரம் ஸ்கூட்டரில் சாய்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர் கையைத் தூக்குவார். அவரை உச்சந்தலையிலிருந்து செருப்பு வரை ஒருமுறை அளந்துவிட்டுத் தீர்ப்பு:

"ஃபாஸ்ட் பௌலிங் வேணாம் சார். எலும்பு பத்தாது. ஸ்பின்னுக்கு விட்டுடுங்க."

மொத்தம் அரை நிமிஷம். பையன் இன்னும் ஒரு பந்துகூடப் போட்டிருக்க மாட்டான்.

சந்தையில் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்ப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, அன்றைக்கே சமைக்கப்போகிறோம். மாமா ஒடித்துப் பார்ப்பது பத்து வருஷம் கழித்துக் காய்க்கவேண்டிய காயை.

நீங்கள் எந்த ஊர் மைதானத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போனாலும் உங்களுக்கு முன்னால் இவர் அங்கே வந்திருப்பார். சில ஊர்களில் பாதத்தைப் பார்ப்பார்; கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீண்டிருந்தால் ஓட்டக்காரன். நீச்சல் குளத்தில் இரண்டு கையையும் விரிக்கச் சொல்வார். எங்கள் பேட்டை மாமாவுக்கு மணிக்கட்டு. அவர் பயிற்சியாளர் இல்லை. பயிற்சியாளர் என்று ஒரு பாவப்பட்ட இளைஞன் விசிலோடு அங்கே தனியாக நிற்கிறான். அவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. மாமா ஓய்வுபெற்றவர். முன்பு என்ன விளையாடினார் என்று கேட்டால் ஒருநாள் டிவிஷன் மேட்ச் என்பார், இன்னொரு நாள் கபடி என்பார். ஆனால் விடியற்காலை ஐந்தரைக்கு மப்ளரோடு வந்து நின்றுவிடுவார். கோடை முகாம் தொடங்கும் மே மாதத்தில் அவருக்கு அறுவடை. வெள்ளைச் சட்டையில் மடிப்புக்கூடக் கலையாத புதுப் பிள்ளைகள், பீஸ் கட்டிய கையோடு எதிர்காலத்தைத் தெரிந்துகொள்ளத் துடிக்கும் பெற்றோர்கள். வேறென்ன வேண்டும்?

இந்த அளவுகோலில் ஒரு சிக்கல், அது மாமாவின் கையிலேயே இருக்கிறது. மார்கழிப் பனியில் அவர் விரல் மூட்டுகள் வீங்கிவிடும், சரியாக மடங்காது. அந்த மாதத்தில் யார் கையைப் பிடித்தாலும் விரல்கள் முட்டாது. ஆகவே அரைப் பரீட்சை விடுமுறையில் சேருகிற பிள்ளைகள் அத்தனை பேரும் வேகப்பந்து வீச்சாளர்கள். பங்குனி பிறந்து மூட்டு இளகியதும் எல்லாரும் ஸ்பின்னர்கள். கோடையில் "எலும்பு பத்தாது" என்று ஒதுக்கப்பட்ட ஒருவன் மார்கழியில் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நின்றான். மாமாவுக்கு அடையாளம் தெரியவில்லை. கையைப் பிடித்தார், பூரித்துப்போனார். "இப்படி ஒரு ஃபிரேமை வச்சுக்கிட்டு இத்தனை நாள் எங்கப்பா இருந்தே?"

புதிதாக வந்த ஒரு அம்மா இவரை டாக்டர் என்றே நினைத்துவிட்டார். பையனின் கையை மாமா பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றதும், "ராத்திரி லேசா காய்ச்சல் அடிச்சது டாக்டர்" என்றார் பவ்யமாக. மாமா மறுக்கவில்லை. "ஆல்ரவுண்டர்தான், கவலைப்படாதீங்க" என்றார்.

இவருடைய வித்தைக்கு அறிவியலும் துணைக்கு வந்து சேர்ந்ததுதான் எங்கள் கெட்ட நேரம். சான்றிதழில் வயதைக் குறைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பிடிக்க, 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான போட்டிகளில் கிரிக்கெட் வாரியம் எலும்புப் பரிசோதனை நடத்துகிறது. இடது கை, மணிக்கட்டு இரண்டையும் எக்ஸ்ரே எடுத்து, டேனர்-ஒயிட்ஹவுஸ் என்ற முறைப்படி எலும்பின் வயதைக் கணக்கிடுவார்கள். இந்தச் செய்தி மாமாவின் காதில் விழுந்த நாளிலிருந்து அவரைப் பிடிக்க முடியவில்லை. "பாத்தீங்களா? பி.சி.சி.ஐ.யே மணிக்கட்டைத்தான் பாக்குது. நான் படம் புடிக்காமலே பாக்கறேன்." எக்ஸ்ரே சொல்வது எலும்புக்கு எத்தனை வயது என்பதை மட்டும்தான், அந்தப் பையன் எத்தனை விக்கெட் எடுப்பான் என்று அதில் எழுதியிருக்காது என்று விசில் இளைஞன் ஒருமுறை சொல்லிப்பார்த்தான். மாமா அவன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நீயே ஸ்பின்னுக்குப் போயிருக்கணும்" என்றார்.

ஒரு பையன் கேட்ச் பிடிக்கப் பாய்ந்து கீழே விழுந்து கையை உடைத்துக்கொண்டான். புத்தூர் கட்டா, ஆஸ்பத்திரியா என்று கூடியிருந்தவர்கள் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருந்தபோது, மாமாதான் அவனைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார். அதற்காக அவருக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும். ஆனால் எக்ஸ்ரே கைக்கு வந்ததும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்தார். முறிவு எங்கே என்று அவர் தேடவே இல்லை. "இங்க பாருங்க, எலும்பு முனையில கோடு மாதிரி இடைவெளி. வளர்ச்சித் தட்டு. இன்னும் மூடலை!" பையனின் அப்பா வெலவெலத்துப்போய், "மூடலைன்னா ஆபத்தா சார்?" என்றார். "ஆபத்தா? இவன் இன்னும் வளருவான் சார்! ஆறடி!" பெஞ்சில் கிடந்த பையன் வலியில் முனகிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கட்டுப் போடும்வரை மாமா வருகிற போகிற நர்ஸுகளுக்கெல்லாம் அந்தப் படத்தைக் காட்டினார்.

உயரத்துக்குத் தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார். இது அவர் சொந்தச் சரக்கு இல்லை, குழந்தை மருத்துவர்கள் பயன்படுத்துவதுதான். அப்பா உயரம், அம்மா உயரம் இரண்டையும் சென்டிமீட்டரில் கூட்டி, பையனானால் 13 சேர்த்து, பெண்ணானால் 13 கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும். அப்பா 168, அம்மா 155 என்று வையுங்கள். பையனுக்கு 168 வரும். பெண்ணுக்கு 155 வரும். அதாவது பையன் அப்பா உயரம், பெண் அம்மா உயரம். எங்கள் பாட்டி வகுத்தல் தெரியாமலேயே சொன்ன விடை. இதில் மேலும் கீழும் எட்டுப் பத்து சென்டிமீட்டர் பிசகலாம் என்று மருத்துவர்கள் சேர்த்துச் சொல்வார்கள். அந்த எட்டுப் பத்து சென்டிமீட்டரில்தான் விக்கெட் கீப்பரும் வேகப்பந்து வீச்சாளரும் பிரிகிறார்கள். மாமா அந்தப் பகுதியைச் சொல்வதில்லை. மைதானத்தில் நின்று அடுத்தவர் மனைவியின் உயரத்தைச் சத்தமாகக் கேட்பது எப்படிப்பட்ட காரியம் என்பதும் அவருக்கு உறைப்பதில்லை.

வாதத்தில் மடக்கப் பார்த்தால் டெனிஸ் லில்லியை இழுப்பார். 1987-இல் சென்னை எம்.ஆர்.எஃப். வேகப்பந்து மையத்துக்கு ஒரு பதினான்கு வயதுப் பையன் வந்தான், லில்லி பார்த்தார், உனக்கு இது வேண்டாம், மட்டையைப் பிடி என்று அனுப்பிவிட்டார், அந்தப் பையன்தான் சச்சின் என்று கண்கள் மின்ன முடிப்பார். உண்மைதான். ஆனால் லில்லி அவனைப் பந்து போடச் சொல்லிப் பார்த்தார், கையைப் பிடித்துப் பார்க்கவில்லை. இவன் நூறு சதம் அடிப்பான் என்று ஆரூடமும் சொல்லவில்லை. அடுத்தது பி.வி. சிந்து. "அப்பா அம்மா ரெண்டு பேரும் வாலிபால் பிளேயர்ஸ். எலும்பு சார், எலும்பு!" அதுவும் உண்மை. அப்பா ரமணா 1986 சியோல் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற அணியில் ஆடியவர். வாலிபால்காரர்களின் மகள் பாட்மின்டனுக்குப் போவாள் என்று எந்த எலும்பில் எழுதியிருந்ததாம்? அதைக் கேட்டால் மாமாவுக்குத் திடீரென்று நடைப்பயிற்சி ஞாபகம் வந்துவிடும்.

ஜெயித்தவர்கள் விஷயத்தில் அவர் தோற்றதே கிடையாது. வலைப்பயிற்சிக்குப் பந்து போட ஆஸ்திரேலியா போன சின்னப்பம்பட்டி நடராஜன், 2020 டிசம்பரிலிருந்து 2021 ஜனவரிக்குள் மூன்று வகைப் போட்டியிலும் இந்தியாவுக்கு ஆடிவிட்டார். "அன்னிக்கே சொன்னேன்" என்றார் மாமா. யாரிடம் சொன்னார் என்பதற்குச் சாட்சி இல்லை. சிறுவயதில் தொடக்க ஆட்டக்காரராக மட்டை பிடித்த அஸ்வின் 537 டெஸ்ட் விக்கெட்டோடு ஓய்வுபெற்றார். விக்கெட் கீப்பராகத் தொடங்கிய வருண் சக்கரவர்த்தி, கட்டடக்கலை படித்து, வேலை பார்த்து, பிறகு வந்து சுழற்பந்து போட்டார். இவர்களையெல்லாம் பன்னிரண்டு வயதில் மாமாவின் முன்னால் நிறுத்தியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அது எந்த மாதம் என்பதைப் பொறுத்தது.

பன்னிரண்டு வயதில் மணிக்கட்டு தடித்திருந்தால் அதற்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான்: அவன் சீக்கிரம் வளர்ந்துவிட்டான். வகுப்பில் முதலில் மீசை அரும்பியவன் அவன். வயதுப் பிரிவுக்குத் தேதி ஜனவரி 1 என்று வைத்தால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே அணிக்கு மோதுகிறார்கள். முன்னவன் ஏறக்குறைய ஒரு வருஷம் மூத்தவன். கனடாவின் ஐஸ் ஹாக்கி இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் சில மாதங்களில் பிறந்தவர்களே குவிந்திருப்பதை 1980-களிலேயே கண்டுபிடித்து எழுதினார்கள். பிறகு கால்பந்து உட்பட வேறு பல ஆட்டங்களிலும் அதே கதைதான். பெரிய பையனைத் தேர்ந்தெடுக்கிறோம், அவனுக்கே நல்ல பயிற்சி, அவனுக்கே மேட்ச், பிறகு "பாத்தியா, நான் சொன்னது பலிச்சுது." பதினேழு வயதில் மற்றவர்களும் வளர்ந்துவிடுவார்கள், ஆனால் அதற்குள் அவர்களில் பலர் ஆட்டத்தையே விட்டுப் போயிருப்பார்கள்.

மாமாவைச் சொல்லி என்ன, எச்சிலை டப்பாவில் அனுப்பினால் உங்கள் பிள்ளை ஓட்டத்துக்கா, மல்யுத்தத்துக்கா என்று மரபணுவைப் பார்த்துச் சொல்கிறோம் என்று கடை விரித்திருப்பவர்களும் இருக்கிறார்கள். திறமையைக் கண்டுபிடிக்க இந்தச் சோதனைகள் உதவாது என்று 2015-இலேயே நிபுணர்கள் குழு ஒன்று பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் அறிக்கை வெளியிட்டது. அதற்கு மாமா மேல். காசு வாங்குவதில்லை.

அவர் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். ஈர்க்குச்சி உடம்பு. மாமா கையைப் பிடித்தார். விரல்கள் முட்டி, அரை விரல் மிச்சமும் இருந்தது. நாங்கள் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு தீர்ப்புக்குக் காத்திருந்தோம். "காத்து எதிர்ப்பே இருக்காது. ஓட்டத்துக்குன்னே பொறந்தவன்" என்றார். தினமும் அவனுக்கு வேர்க்கடலை உருண்டையும் அவித்த முட்டையும் கொண்டுவந்தார். பேரன் நூறு மீட்டரில் கடைசியாக வந்தபோது கைதட்டிய ஒரே ஆள் அவர்தான். அன்றைக்கு அவர் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

மறுவாரம் அது திரும்பி வந்தது. "எலும்பு பத்தாது" என்று தீர்ப்பு வாங்கிய பதினொரு வயதுப் பையன் ஒருவன், பந்துவீச முறை வரும்வரை வரிசையில் நின்றபடி, தன் வலது கை விரல்களால் இடது மணிக்கட்டைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். முறை வந்ததும் பின்னால் இருந்தவனை முன்னே போகச் சொன்னான். பிறகு அவன் வரவில்லை. டியூஷனில் சேர்த்துவிட்டோம் என்றார் அவன் அப்பா. ஓட ஆசைப்பட்டு வந்த ஒரு பெண்ணை, "இந்த உயரத்துக்கு வாலிபால்தான்" என்று மாமா அவள் அம்மாவிடம் அடித்துச் சொன்னார். வாலிபாலுக்கு எங்கள் பேட்டையில் இடமே இல்லை. அவளும் நின்றுவிட்டாள். அரசு விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுப்பவர்கள்கூட உயரத்தோடு நிறுத்துவதில்லை. ஓடவிட்டு, குதிக்கவிட்டு, ஆடவிட்டுத்தான் எடுக்கிறார்கள். பிள்ளையின் காதுபட இதையெல்லாம் சொல்லாதீர்கள் என்று நானே இரண்டு முறை சொல்லிவிட்டேன். "உண்மையச் சொன்னா கசக்கத்தான் செய்யும் சார்" என்கிறார். எதிர்காலம் எப்போது உண்மை ஆனது என்று எனக்குப் புரியவில்லை.

அவரை மைதானத்துக்கு வராதே என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை, மாநகராட்சி இடம். வயதானவர், அடிபட்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகிற மனிதர், மனசும் வராது. ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மே மாதம் முகாமில் பிள்ளையைச் சேர்க்கும்போது மட்டை, தொப்பி, தண்ணீர் பாட்டிலோடு துணி மணிக்கட்டுப் பட்டை ஒன்றும் வாங்கிக் கொடுங்கள். இடது கைக்கு. தடிமனாக இருக்கட்டும்.