பெரியவங்களுக்கு மட்டும் விற்பனை

மாட்ரிட்

அன்புள்ள அக்கா,

"அங்கே என்னைப் பத்திப் பேச்சு வந்தா என்னன்னு சொல்லுவே?" என்று போனில் கேட்டாய். அது போனில் அடங்காது.

இவர்களுடைய ஸ்பானிஷில் அக்காவும் இல்லை, தங்கச்சியும் இல்லை. 'எர்மானா' ஒன்றுதான், கூடப்பிறந்தவள், அவ்வளவே. மூத்தவள் என்றால் பின்னால் ஒரு 'மயோர்' ஒட்டவேண்டும். ஒட்டிவிட்டு உன் போட்டோவைக் காட்டினால் ஆபீஸில் நம்ப மறுக்கிறார்கள். நீதான் என் தோளைத் தாண்டவில்லையே! "உன்னைவிடப் பெகேன்யாதானே?" என்றாள் ஒருத்தி. பெகேன்யா என்றால் உருவத்திலும் சின்னவள், வயசிலும் சின்னவள். ஆள் குட்டை என்பதற்கு 'பாஹா' என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். உன்னைக் குட்டை என்று சொல்ல மனசு வராமல் தலையாட்டி வைத்தேன். ஆபீஸைப் பொறுத்தவரை நீ இப்போது எனக்குத் தங்கச்சி. அத்தானிடம் சொல்லிவிடு.

இந்த மயோர் இல்லாத இடமே கிடையாது. லாவாபியெஸ் பக்கம் வங்கதேசத்துக்காரர் கடையில் அரிசி வாங்கப் போகிற வழியில் ஒரு துணிக்கடை. மொத்த விற்பனை என்பதற்கு 'அல் போர் மயோர்' என்று போர்டு. எழுத்துக்கு எழுத்து படித்தால் பெரியவங்களுக்கு மட்டும் விற்பனை! எனக்கு வயசு பத்தாமல் இல்லை, டஜன் கணக்கில் சட்டை எடுக்கத்தான் துட்டு பத்தாது. நம்ம பெரிய தெரு மாதிரி இங்கேயும் 'கய்யே மயோர்' என்று ஒரு தெரு. ஆனால் கிரான் வியா என்கிற தெரு அதைவிட அகலம். வயசில்தான் ரொம்பச் சின்னது, வேலை தொடங்கினதே 1910-ல்.

வயசானவரை 'வியேஹோ' என்றால் சண்டைக்கு வருவார். 'மயோர்' என்றால் சிரிப்பார். கிழவர் என்பதைவிட 'இன்னும் பெரியவர்' என்பது வயசைக் குறைக்கிறதாம்! யாரைவிடப் பெரியவர் என்று மட்டும் கேட்கக்கூடாது.

அதோடு விட்டார்களா? 'மாஸ்' என்று ஒன்று உண்டு. நம்ம ஊர் முதல் நாள் முதல் ஷோ மாஸ் இல்லை. 'அதிகம்' என்று அர்த்தம். மயோருக்குள்ளேயே அது அடங்கியிருப்பதால், "அக்கா என்னைவிட மாஸ் மயோர்" என்றால் வகுப்பு டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவார். ஆனால் மயோர் என்பது வளர்ந்த ஆளைக் குறித்தால் மாஸ் போடலாம். "நீ மாஸ் மயோர் ஆனதும் சைக்கிள் வாங்கித் தரேன்", இது சரி. சைக்கிள் வந்தால் இலக்கணமும் வந்துவிடுகிறது. மொழியைக் கட்டிக்காக்க ரியல் அகாதெமியா என்று 1713-லிருந்து ஒரு சபை இருக்கிறது. கீழ்வீட்டு வாண்டு தினமும் தம்பி தலையில் குட்டி, "நான்தான் உன்னைவிட மாஸ் மயோர்" என்று கத்துகிறது. அகாதெமியா வந்து கேட்கக் காணோம்.

சிரிப்பெல்லாம் சரி, பெரியவர் சின்னவர் என்று இவ்வளவு அளந்துவிட்டு, கூப்பிடும்போது எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் "தம்பி, உள்ளே போப்பா" என்று விரட்டுவாரே, அதற்குக்கூட ஏங்க வேண்டியிருக்கிறது. இங்கே பஸ்ஸில் கண்டக்டரே கிடையாது.

மேல்வீட்டு அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பேர் சொல்லி, நீ வா போ என்று பேசு என்கிறார். எனக்கு நாக்கு எழவில்லை. 'பாட்டி' என்று இவர்கள் பாஷையில் கூப்பிட்டால் கோபம் வரும். "அக்கா" என்று வைத்தேன். அப்படி என்றால் என்ன என்றார். மயோர்தான், ஆனால் திட்டுகிற உரிமையும் உண்டு என்றேன். ரொம்பப் பிடித்துப்போயிற்று. இப்போது படிக்கட்டு முழுக்க அவர் 'லா அக்கா'. போஸ்ட்மேன்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். நேற்று நான் குப்பையைத் தப்பான தொட்டியில் போட்டதற்கு மூன்றாவது மாடியிலிருந்து ஒரு பாட்டு விட்டார் பார், அசல் நீயேதான்.

அம்மா மாவடு அனுப்புகிறாள் என்றாயே, இன்னொரு பாட்டில் சேர்த்து வைக்கச் சொல். காரம் வேண்டாம், மேல்வீட்டு அக்காவுக்கு மிளகு வாசனைக்கே கண்ணில் தண்ணீர் வரும்.

உன் தம்பி
(ஆபீஸில் அண்ணன்)