இங்கிலீஷ் மரபுத்தொடரைச் சிறுமலை ஏற்றுவது எப்படி?

எளிதாக ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் புத்தகம் ஒன்று உங்கள் வீட்டுப் பரணில் கட்டாயம் இருக்கும். அதன் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள். கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, திண்டுக்கல்லில் சிறுமலை பஸ் ஏறுங்கள். 18 கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் நீங்கள் அறிஞர். பிறகு செய்ய வேண்டியவை:

1. பொருளை நெட்டுருப் போடுங்கள். பிறந்த கதையைக் கேட்காதீர்கள். 'லாக், ஸ்டாக் அண்ட் பேரல்' என்றால் 'ஒன்றுவிடாமல்'. மூன்றும் பழைய துப்பாக்கியின் உறுப்புகள்: வெடிக்கும் விசை, கட்டை, குழல். அந்தச் சங்கதி உங்களுக்கெதற்கு? பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்க்காரர் நீங்கள். வகுப்பில் மாங்காய்ப் பூட்டைத் தூக்கிக் காட்டி 'பூட்டு, சரக்கு, பீப்பாய்' என்று விளக்குங்கள். பீப்பாய் எங்கே என்று கேட்கிற பையனை வெளியே நிறுத்துங்கள்.

2. ஆளையும் இடத்தையும் பார்க்காமல் பேசுங்கள். சிறுமலையில் வண்டி போகாத தோட்டத்திலிருந்து வாழைத்தாரைச் சுமந்து வருவது குதிரை. குதிரைக்காரரிடம் 'கொஞ்சம் பொறுங்கண்ணே' என்று சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிடாதீர்கள். 'உங்க குதிரையைப் புடிங்கண்ணே' என்று ஆங்கிலத்தை அப்படியே இறக்குங்கள். அவர் தன் கையிலிருக்கும் கயிற்றைப் பார்ப்பார். 'புடிச்சுக்கிட்டுத்தான தம்பி நிக்கிறேன்' என்பார். படிக்காத மனுஷன் என்று பரிதாபப்படுங்கள்.

3. அவரிடமே 'குதிரை பேரம்' பற்றிப் பேசுங்கள். எம்.எல்.ஏ.க்கள் விலைபோகும்போதெல்லாம் பத்திரிகைகள் அச்சடிக்கிற ஆங்கிலச் சரக்கு அது. குதிரையை நிஜமாகவே வாங்கி விற்கிற மனிதர் முகம் சுளித்தால், உங்கள் உச்சரிப்பில் கோளாறு. இன்னும் சத்தமாகச் சொல்லுங்கள்.

4. வாழையைக் கண்டதும் 'வாழைப்பழக் குடியரசு' என்று ஒரு போடு போடுங்கள். ஓ. ஹென்றி 1904-இல் வெளியிட்ட புத்தகத்தில் உண்டாக்கிய தொடர். பிறகு, ஹோண்டுராஸ் மாதிரி அந்நியப் பழக் கம்பெனிகளின் பிடிக்குள் போன நாடுகளுக்கு அதுவே பேராகிவிட்டது. நீங்கள் தோப்பில் நின்று படமெடுத்து அதன் கீழே எழுதுங்கள். தன்னைப் புகழ்கிறீர்கள் என்று நம்பித் தோட்டக்காரர் ஒரு சீப்பு மலைவாழை தருவார். கூசாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

5. ஆறுதலையும் இறக்குமதி செய்யுங்கள். குறி பார்த்து அடித்தவனுக்கு ஒரு காலத்தில் அமெரிக்கத் திருவிழாக்களில் சுருட்டு பரிசு; தவறவிட்டவனுக்கு 'க்ளோஸ், பட் நோ சிகார்'. கபடியில் ஒரு புள்ளியில் தோற்ற பையனிடம் 'கிட்ட வந்துட்ட, ஆனா சுருட்டு இல்ல' என்று முதுகில் தட்டுங்கள். சுருட்டுக்குப் பேர்போன ஊர் திண்டுக்கல். அதனால் அவன் அம்மா வேறு விதமாகத்தான் புரிந்துகொள்வாள். விளக்குமாறு வருவதற்குள் அடுத்த படிக்குத் தாவுங்கள்.

6. வீட்டையும் திருத்துங்கள். 'பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி' என்று அப்பத்தா வாயைத் திறந்தால் குறுக்கிடுங்கள். 'கேக்கு மேல ஐசிங்குன்னு சொல்லணும் அப்பத்தா.' ஐசிங்கை அவர் பார்த்ததில்லை. உங்களுக்கும் பழம் பாலில் விழுந்து பார்த்த ஞாபகம் மெல்ல மறையும். இதன் பெயர் முன்னேற்றம்.

7. கடைசியாக, பிள்ளைகளுக்குக் கடத்துங்கள். வழிமுறை சிறுமலையிலேயே இருக்கிறது. 1970-களில் மலைவாழையைச் சூறையாடிய முடிக்கொத்து நோயைப் பின்பற்றுங்கள். நோய் கண்ட வாழை உடனே சாயாது. இலை குறுகி, உச்சியில் கொத்தாக விறைத்து நிற்கும். குலை மட்டும் தள்ளாது. அசுவினி அதைப் பக்கத்து வாழைக்குக் கொண்டுபோகும். அடியில் முளைக்கிற கன்றோ, முளைக்கும்போதே வாங்கிக்கொண்டு வரும்.

ஒருநாள் உங்கள் மகள் கேட்பாள்: 'வாழையடி வாழைன்னா என்னப்பா?'

பதறாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள்.