பவுடர் போட்ட சாட்சி

தடயவியலில் எனக்கு ஆசை என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. தடயவியல் ஆய்வகத்தில் ஒரு பெரிய மேசையும், அதற்குப் பின்னால் துண்டு போர்த்திய சுழல் நாற்காலியும் இருக்குமே, அந்த நாற்காலியில்தான் ஆசை. ரத்தம் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், குடலில் விஷம் தேடுகிறவர்கள் தேடட்டும். கடைசிப் பக்கத்தில் பச்சை மையில் கையெழுத்துப் போட நான் இருக்கிறேன். செஞ்சிக்காரனுக்கு இந்தப் புத்தி வருவதில் அதிசயமில்லை. எங்கள் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி எண்ணூறு அடி உயரம். அத்தனை கல்லையும் மேலே ஏற்றியவர்களில் ஒருவர் பெயரும் எங்களுக்குத் தெரியாது. 1714-இல் சில மாதங்களே ஆண்டு, ஆற்காட்டு நவாப் படையோடு மோதிச் செத்த தேசிங்கு ராஜாவைப் பற்றிக் கேட்டால் மட்டும் டீக்கடைப் பையன்கூடக் குதிரையோடு சேர்த்துச் சொல்வான்.

எனக்கு முன்மாதிரி பேராசிரியர் பி. சந்திரசேகரன். தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்தவர். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தில் சிதறிக் கிடந்த துணித் துண்டு, ஒயர்த் துண்டு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, மாலையோடு வந்த பெண்ணின் இடுப்புப் பட்டையில்தான் குண்டு இருந்தது என்று சொன்னவர். 2000-இல் பத்மபூஷண் வாங்கினார். இந்த வரலாற்றில் எனக்கு மனதில் நின்றவை ‘இயக்குநர்’, ‘பத்மபூஷண்’ என்ற இரண்டு சொற்கள். நடுவில் இருந்த துணித் துண்டுகளை வசதியாகத் தாண்டிவிட்டேன்.

இன்னொரு கதையையும் இதே மாதிரித்தான் படித்தேன். கைரேகைப் பணியகம் ஒன்று 1897-இல் கல்கத்தாவில் தொடங்கியது. ஆயிரக்கணக்கான ரேகைகளில் ஒன்றைச் சட்டென்று தேடி எடுக்கும்படி அவற்றை வகைபிரிக்கும் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர்கள் அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு வங்காள சப்-இன்ஸ்பெக்டர்கள். அந்த முறைக்கு உலகம் வைத்த பெயர் ‘ஹென்றி முறை’. எட்வர்ட் ஹென்றி அவர்களுடைய மேலதிகாரி. இதைப் படிக்கிற எவருக்கும் கோபம் வரும். எனக்கு, நமக்கு ஏற்ற உத்தியோகம் இதுதான் என்று தோன்றியது.

திண்டிவனத்துக்குப் பஸ்ஸில் போய்வந்து பி.எஸ்ஸி. வேதியியல். அதன்மேல் தபால் வழியில் எம்.பி.ஏ. வேதியியலையும் மேலாண்மையையும் கூட்டினால் தடயவியல் இயக்குநர் வரும் என்பது என் கணக்கு. துறையில் இளநிலை அறிவியல் அலுவலர், அறிவியல் அலுவலர், உதவி இயக்குநர், துணை இயக்குநர் என்று வரிசையாக ஏறி வந்தவர்தான் அந்த நாற்காலியில் உட்காருவார், ஒவ்வொருவரும் ஜாடியைத் திறந்து மூக்கைக் கொடுத்து மேலே வந்தவர் என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இன்னும் கேவலம், ஒரு மணி நேர பஸ் தூரத்தில் விழுப்புரத்திலேயே வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் ஒன்று இருப்பது எம்.பி.ஏ. கடைசித் தேர்வு சமயத்தில்தான் தெரிந்தது. துப்பறியும் துறைக்குப் போக நினைத்தவனின் துப்பு அவ்வளவுதான்.

சட்டத்தில் ஒரு பிரிவை மட்டும் நெட்டுருப் போட்டு வைத்திருந்தேன். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 293. இப்போது நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 329. ஆய்வக அறிக்கையைச் சாட்சியமாக அப்படியே எடுத்துக்கொள்ளலாம்; நிபுணரை நேரில் அழைத்தாலும், நீங்களேதான் வரவேண்டும் என்று கோர்ட் குறிப்பாகச் சொல்லாதவரை, வழக்கின் விவரம் தெரிந்த பொறுப்பான அலுவலர் ஒருவரை அவர் தனக்குப் பதிலாக அனுப்பலாம். சாட்சிக் கூண்டுக்கு ஆள் அனுப்பிவிட்டு அலுவலகத்தில் ஃபேனுக்கு அடியில் இருக்கலாம் என்று சட்டமே சொல்கிறது! இந்தப் பிரிவைப் படித்த அன்று அம்மாவிடம் கேசரி செய்யச் சொல்லிச் சாப்பிட்டேன்.

முதல் நேர்காணல் ஒரு தனியார் நிறுவனத்தில். விஷச் சாவில் குடல், ஈரல் பாகங்களை எதில் போட்டு அனுப்புவார்கள் என்று கேட்டார்கள். “ஃபார்மலின்” என்றேன், மேசையைத் தட்டாத குறையாக. ஃபார்மலினில் போட்டால் விஷத்தைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. அதற்கு உப்பைக் கரையக் கரையப் போட்டு, இனிக் கரையாது என்கிற வரை நிறைத்த தண்ணீர்தான். கேட்டவர் சிரிக்காமல் சொன்னார்: “நீங்க மேனேஜரா வந்தா கொலைகாரங்க வருஷா வருஷம் பொங்கல் போனஸ் அனுப்புவாங்க சார்.” ஊறுகாய்க்கு உப்புப் போடும் வீட்டில் பிறந்தவன் சொல்லவேண்டிய பதிலா அது?

கடைசியில் சென்னையில் தண்ணீர், உணவு பரிசோதிக்கும் ஓர் ஆய்வகத்தில் தரப் பிரிவில் உதவியாளன் ஆனேன். தடயவியலுக்கு இது வாசல்படி என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். அது முழுப் பொய்யும் இல்லை. ஐஎஸ்ஓ 17025 என்ற தர ஆவணம் குடிதண்ணீர் ஆய்வகத்துக்கும் கொலை வழக்கு ஆய்வகத்துக்கும் ஒன்றுதான். மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்கு, எத்தனை மணிக்கு, என்ன நிலையில் போனது, தராசைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள், தப்பு நடந்தால் யார் எழுதி வைத்தார்கள், எல்லாவற்றுக்கும் பதிவேடு. தடயவியலில் மேலாண்மை என்பது முக்கால்வாசி இதுதான். கொலைகாரன் முகத்துக்கு நேரே விரல் நீட்டுகிற காட்சி அதில் இல்லை. லேபிள், அரக்கு, நோட்டு, சாவி. இந்த நான்கிலும் நான் தோற்றேன்.

லேபிளை மூடியில் ஒட்டினேன். கேன் தண்ணீர் கம்பெனி ஒன்றின் பாட்டில்களும், ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர் பாட்டில்களும் ஒரே தட்டில் இருந்தன. பகுப்பாய்வாளர் எல்லா மூடிகளையும் கழற்றி வரிசையாக வைத்த பிறகுதான் நான் செய்து வைத்திருந்த வேலை புலப்பட்டது. அங்கே பாட்டில் கழுவும் அம்மா ஒருவர் இருந்தார். என் பக்கம் திரும்பாமலே, “மூடி மாறும் தம்பி, பாட்டிலு மாறாது” என்றார். எம்.பி.ஏ.வில் எனக்கு யாரும் இவ்வளவு சுருக்கமாகப் பாடம் நடத்தியதில்லை. எது கழிவுநீர் என்று மோந்து பார்த்தே சொல்லிவிடலாமே என்று மேலாளரிடம் வாதாடினேன். அத்தனையையும் கொட்டிவிட்டுத் திரும்ப மாதிரி எடுத்துவரச் சொன்னார், என் செலவில்.

அரக்கு விஷயம் வீட்டோடு முடிந்தது. கோர்ட்டுக்குப் போகும் பொட்டலத்தில் முத்திரை வைத்து, அதே முத்திரையின் மாதிரியைத் தனியாகவும் அனுப்புவார்கள். பிரிப்பவர் இரண்டையும் ஒப்பிட்ட பிறகே நூலை அறுப்பார். அதைப் பழகலாம் என்று செஞ்சிக் கடைத்தெருவில் அரக்குக் குச்சி வாங்கிவந்து, தாத்தாவின் பித்தளை முத்திரையை வைத்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு முத்திரை போட்டேன். சூடு தாங்காமல் கட்டை விரலை ஊன்றிவிட்டேன். தாத்தாவின் எழுத்துகளுக்குப் பக்கத்தில் என் ரேகை சுழி சுழியாக, கல்கத்தா சப்-இன்ஸ்பெக்டர்கள் கண்டால் மகிழ்ந்துபோகும் அளவுக்குத் தெளிவாக விழுந்திருந்தது.

பிணவறைக்குப் போன பயிற்சி வகுப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நெட்வொர்க் கிடைக்கவில்லை என்று சொல்லி வெளியே வந்து, வகுப்பு முடியும்வரை போனைக் காதில் வைத்துத் தலையாட்டிக்கொண்டே நின்றேன். போன் தலைகீழாக இருந்ததை அங்கிருந்த காவலாளிதான் சுட்டிக்காட்டினார்.

குஜராத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் 2020-இல் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகமாக ஆனது. காந்திநகரில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில் மேலாண்மைக்கென்றே ஒரு பள்ளியும் உண்டு என்று தெரிந்தபோது, என்னை மனதில் வைத்தே கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நிதி மோசடிகளைக் கணக்குப் புத்தகத்திலேயே மோப்பம் பிடிக்கும் தடயவியல் கணக்காய்வு! ரத்தம் இல்லை, வாடை இல்லை. சரி, முன்பயிற்சியாக இருக்கட்டும் என்று அம்மாவின் சீட்டு நோட்டை வாங்கி ஆராய்ந்தேன். தெருப் பெண்கள் சேர்ந்து நடத்தும் ஏலச் சீட்டு. மூன்று நாள் உட்கார்ந்ததில், அம்மா ஒரு சீட்டு கட்டவில்லை, அப்பாவுக்குத் தெரியாமல் இரண்டு கட்டுகிறாள் என்று கண்டுபிடித்தேன். என் வாழ்க்கையில் நான் சரியாகக் கண்டுபிடித்தது அது ஒன்றுதான். அறிக்கையை யார் கேட்டார்களோ அவர்களிடம்தான் கொடுக்கவேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. நான் இரவுச் சாப்பாட்டின்போது அப்பா முன்னிலையில் வெளியிட்டேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் எங்கள் வீட்டில் குழம்பு வைக்கப்படவில்லை. காந்திநகருக்கு விண்ணப்பம் போடப் பணம் கேட்கும் தைரியம் எனக்கும் வரவில்லை.

இடையில் தேசிங்கு ராஜா மரணத்தைத் தடயவியல் மேலாண்மைக் கோணத்தில் ஆராய்ந்து எம்.பி.ஏ.வுக்கு ஒரு திட்ட அறிக்கை எழுதியதும் உண்டு. செட்டிக்குளக் கரையில் தகனம் செய்ததாகச் சொல்கிறார்கள், ஆகவே உடல் இல்லை. போர் நடந்த இடத்தைக் கயிறு கட்டிக் காத்தவர் இல்லை. சாட்சிகள் எல்லோரும் கதைப்பாடல் பாடுகிறவர்கள். சென்னை மாகாணத்தின் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம், இந்தியாவிலேயே முதலாவது, 1849-இல்தான் வந்தது. அதற்கு நூற்றுமுப்பத்தைந்து வருடம் முன்பே செத்துப்போனது தேசிங்கின் பிழை என்கிற தொனியில் முடித்திருந்தேன். வழிகாட்டி மதிப்பெண் போடும் கட்டத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

2024 ஜூலை 1-ஆம் தேதி புதிய சட்டங்கள் அமலுக்கு வந்தன. ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றமென்றால் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தே ஆகவேண்டும். அந்த ஏற்பாட்டைச் செய்து முடிக்க மாநிலங்களுக்கு ஐந்து வருடம் வரை அவகாசம். இனி எங்கள் துறைக்கு ஆள் தேவை எக்கச்சக்கம் என்று டீக்கடையில் பேசினேன். ‘எங்கள் துறை’ என்றே சொன்னேன். அப்போது சென்னை வேலையை விட்டுவிட்டு ஊரில்தான் இருந்தேன்.

அந்தப் பேச்சு மாமா காதில் விழுந்திருக்கிறது. செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் போகும் வழியில் அவருக்குக் கொஞ்சம் நிலம். ஒரு விடியற்காலை போன்: “டேய் மாப்ள, மோட்டார் கேபிள அறுத்துக்கினு போயிட்டானுங்க. நீ உன் சாமானெல்லாம் எடுத்துக்கினு வா.”

சாமான்! தங்கையின் பாண்ட்ஸ் பவுடரையும் அவள் முகத்துக்குப் பூசும் பிரஷையும் எடுத்துக்கொண்டு போனேன். நான் போய்ச் சேர்வதற்குள் ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடாதவர் அந்த ஊரில் இல்லை. முதலில் சம்பவ இடத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று கொட்டகையைச் சுற்றி மாட்டுக் கயிற்றைக் கட்டினேன். கயிறு போன மாடு கரும்புக்குள் போய்விட்டது. பாதி சாட்சிகள் அதன் பின்னால் ஓடினார்கள். இதுதான் சமயம் என்று பெட்டி மேல் பவுடரைத் தூவினேன். துரு, கிரீஸ், பனி ஈரம். ரேகை எடுக்க வழவழப்பான உலர்ந்த பரப்பு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பத்து பேர் நின்று பார்க்கும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை. பெட்டி, திருநீறு பூசிய பண்டாரம்போல வெள்ளையாக நின்றது.

“ஏன்டா, அந்தத் தடயவியல் ஆளுங்க வரமாட்டாங்களா?” என்று மாமா கேட்டார்.

“திருட்டுக்கு மூணு வருஷம்தான் மாமா அதிகபட்சம். ஏழு வருஷமோ அதுக்கு மேலயோ இருந்தாத்தான் கட்டாயம் வரணும்.”

“அப்ப ஏழு வருஷத்துக்குத் தகுந்தாப்ல திருடச் சொல்லி அவனுங்ககிட்ட சொல்லி அனுப்பணுமா?”

ஏட்டு வந்தார். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த பிரஷைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போட்டோ எடுத்துக்கொண்டார். பார்வை மகஜர் எழுதி, அக்கம்பக்கத்தில் படித்த பையன் யார் என்று கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். மாதிரி வரைபடத்தில் கிணறு எந்தப் பக்கம், கொட்டகை எந்தப் பக்கம் என்று பார்க்காமலே, அரசு ஆவணத்தில் என் கையெழுத்து முதன்முதலாக விழப்போகிற பெருமையில், கீழே பெரிதாக ஒன்று போட்டேன். பச்சை மைப் பேனா இல்லை, நீலம்தான்.

பழைய இரும்புக் கடை ஒன்றில், ரப்பரை எரித்து எடுத்த செம்புக் கம்பியோடு இரண்டு பேர் பிடிபட்டார்கள். கம்பி, படிவம் 95-ஓடு கோர்ட்டுக்குப் போனது. நாளாவட்டத்தில் எனக்கும் சம்மன் வந்தது. பதிலுக்கு ஆள் அனுப்பும் சலுகை மகஜர் சாட்சிக்குக் கிடையாது. செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்து, வெளியூர் வண்டிகள் திருவண்ணாமலை ரோட்டை அடைத்துக்கொண்டிருந்த சமயம். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கூண்டில் ஏறினேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் கிணறு கொட்டகைக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். கிழக்கு என்றேன். வரைபடத்தில் மேற்கு. பிறகு போட்டோவை நீட்டினார்.

“இந்தப் பெட்டி மேல வெள்ளையா இருக்கே, இது போலீஸ் போட்டதா?”

“இல்லைங்க.”

“அப்புறம்?”

“பாண்ட்ஸ் பவுடருங்க.”

“யார் போட்டது?”

“நான்தாங்க.”

“நீங்க கைரேகை நிபுணரா?”

“இல்லைங்க. மேலாண்மைங்க.”

நீதிபதி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். டைப் அடித்துக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டு, “சார், தொழில்னு என்ன போடட்டும்?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமா எழுந்து, “விவசாயம்னு போடும்மா” என்றார்.