யாருக்கு மனசு இருக்கு?

கே: தவளை, ரோபோ, கடவுள்... மூவரின் மனசையும் ஒரே தராசில் நிறுத்த முடியுமா?

ஹார்வர்டில் நிறுத்தினார்கள்! ஹெதர் கிரே, கர்ட் கிரே, டேனியல் வெக்னர் மூவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு அது. கைக்குழந்தை, இறந்துபோன பெண் உட்பட 13 பாத்திரங்கள். இரண்டிரண்டாகக் காட்டி, ‘யாருக்கு வலி தெரியும்? யாருக்குத் திட்டமிடத் தெரியும்?’ என்று மக்களிடம் கேட்டார்கள். கடவுளுக்குத் திட்டமிடுவதில் உச்ச மதிப்பெண். பசி, வலி, பயத்தில் மிகக் குறைவு! குழந்தைக்கு அப்படியே தலைகீழ்.

கே: தப்பு செய்தவன் அழுதால் மட்டும் யாரும் நம்புவதில்லையே, ஏன்?

இங்கும் அதே இரண்டு தட்டுகள்தான்: திட்டமிட்டுச் செய்வது ஒன்று, வலியை உணர்வது இன்னொன்று. ‘செய்தவன்’ என்று முத்திரை குத்திவிட்டால், அவனுக்கு வலிக்காது என்றே மனசு கணக்குப் போட்டுவிடுகிறது. கர்ட் கிரேயும் வெக்னரும் 2009-ல் காட்டியது இது. பாதிக்கப்பட்டவரிடம் பழியைக் குறைத்துப் பார்ப்பதும் இதே கணக்கின் மறுபக்கம்தான்.

கே: அப்படியானால் நல்லவர்கள் தப்பித்தார்களா?

எங்கே! நல்லது செய்பவரும் ‘செய்பவர்’தானே? ஊருக்கெல்லாம் ஓடியாடி உழைப்பவரின் முதுகுவலியை யார் விசாரித்தார்கள்? உங்கள் வீட்டில் எல்லாவற்றையும் சுமப்பவர் யாரோ, அவரிடம் இன்றைக்கே கேளுங்கள்.